இடது கை அடித்த எண்

அத்தியாயம் 14

யாரையாவது நாலு வார்த்தை கேட்காமல் இன்று உட்காருவதில்லை என்ற முடிவோடுதான் மெஷினக்கா லேபுக்குள் நுழைந்தாள். யாரை என்று நமக்குத் தெரியும். மூன்றாவது கம்ப்யூட்டருக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அந்த மருமகளைத்தான்.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது மெஷினக்காவின் அண்ணன் நடத்தும் ரத்தப் பரிசோதனை நிலையம். கீழே லேப், மாடியில் வீடு. ரத்தத்தைச் சோதிக்கும் இயந்திரம் எண்களை ஒரு சின்னச் சீட்டில் அச்சடித்துத் துப்பும். அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அடித்து ரிப்போர்ட்டாக்குவது பத்தொன்பது வருடமாக மெஷினக்காவின் வேலை. கல்யாணம் என்று ஒன்று நடந்து, முறிந்து, அண்ணன் வீட்டு மாடியறைக்குத் திரும்பி வந்த மறுவாரமே அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள். கண் சீட்டில் இருக்கும், வலது கை கீபோர்டின் வலது ஓரத்து நம்பர் பேடில் இருக்கும். ஸ்கிரீனைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். இத்தனை வருடத்தில் ஒரு எண் பிசகியதில்லை. 'மெஷின்' என்று பட்டப்பெயர் வைத்தது ரத்தம் எடுக்கும் நர்ஸ். 'அக்கா'வை மரியாதைக்காகப் பிற்பாடு ஒட்டிக்கொண்டார்கள்.

மற்றவர்கள் அடிக்கும் ரிப்போர்ட்டை இன்னொருவர் சீட்டோடு வைத்து உரக்கப் படித்துச் சரிபார்த்த பிறகுதான் பிரிண்ட் எடுக்க வேண்டும். மெஷினக்கா அடித்ததை யாரும் படிப்பதில்லை. யாரும் எழுதி வைக்காத சட்டம் அது.

இப்பேர்ப்பட்ட லேபிலிருந்து ஒரு பிழை வெளியே போய்விட்டது. ஸ்கூல் பஸ் டிரைவர் ஒருவருடைய ரத்தத்தில் பொட்டாசியம் 6.3. ஆறைத் தாண்டினால் இதயம் எப்போது வேண்டுமானாலும் காலை வாரிவிடும். ரிப்போர்ட்டிலோ 4.1 என்று அச்சாகியிருந்தது. 4.1 என்றால் கவலையே இல்லை, போய் பஸ்ஸை ஓட்டலாம். மனிதர் ஓட்டினார். இரண்டாம் நாள் ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டார். நல்லவேளை, பஸ் நின்றுகொண்டிருந்தது, பிள்ளைகள் ஏறியிருக்கவில்லை. உயிர் தப்பியது. ஆனால் இன்னும் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் கிடக்கிறார்.

அந்த ரிப்போர்ட்டின் அடியில் இருந்தது மருமகளின் பெயர். அண்ணன் மகனைக் கட்டிக்கொண்டு வந்தவள், கைக்குழந்தைக்காரி. மூன்று மாதமாகப் பயிற்சி, அடுத்த மாதம் லேப் டெக்னீஷியன் பரீட்சை.

"ஏம்மா, விரலெல்லாம் சரியா இருக்கா?" என்று மெஷினக்கா ஆரம்பித்தாள். "ஒரு தடவை எண்ணிப் பார்த்துட்டு உட்காரு. அஞ்சை ஆறுன்னு எண்ணிடப் போறே."

நர்ஸ் களுக்கென்று சிரித்துவிட்டு, மருமகளின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். காத்திருப்போர் நாற்காலிகளில் ஆறேழு பேர் இருந்தார்கள். எல்லோரும் கேட்டார்கள்.

"பத்தொன்பது வருஷம் நான் கட்டிக் காத்த பேரு. மூணே மாசத்துல ஊதித் தள்ளிட்டே. அந்த டிரைவரோட பொண்டாட்டி இன்னிக்கு வந்து உன் முகத்தைப் பார்த்தா என்ன சொல்லுவே?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேன் அத்தை."

"ஒண்ணும் சொல்ல மாட்டாளாம்! கேட்டியா நர்ஸு? மன்னிப்புன்னு ஒரு வார்த்தை இருக்கு, அது கூட வாயில வராது. கல்லுளிமங்கி."

மருமகள் நிமிர்ந்து அத்தையை ஒரு தரம் பார்த்தாள். அழுகை இல்லை, கெஞ்சல் இல்லை. மெஷினக்காவுக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. திமிர் என்று எடுத்துக்கொண்டாள்.

அதற்குள் அண்ணன் கண்ணாடி அறையிலிருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டுவிட்டார்.

"கதவைச் சாத்திட்டு வா. உட்காரு. திங்கக்கிழமையிலேர்ந்து அந்த மெஷினே நேரா கம்ப்யூட்டருக்கு எண்ணை அனுப்பிடும். இனி யாரும் கையால அடிக்க வேண்டாம்."

"அப்ப நான்?"

"நீ மேற்பார்வை."

"மேற்பார்வைன்னா என்ன பண்ணணும் அண்ணா?"

"பார்க்கணும்."

அண்ணன் மேஜை மேலிருந்த காகிதங்களை அடுக்கினார். ஏற்கெனவே அடுக்கி வைத்தவைதான் அவை.

"கீபோர்டெல்லாம் பழசாயிடுச்சு. கடைக்குப் போய், கீக்குக் கீ தனி ஸ்விட்ச் வச்ச மெக்கானிக்கலா, நல்லதா நாலு பார்த்துச் சொல்லிட்டு வா. நம்பர் பேடு இல்லாதது. இடம் மிச்சமாகும். எது வசதின்னு உனக்குத்தானே தெரியும், நீயே தேர்ந்தெடு. உன் தோளுக்கும் நல்லது."

தோள்! அவளுக்குத் திக்கென்றது. தோள் விஷயத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. 'வலது கையை மூணு மாசம் அசைக்கவே கூடாது' என்று டாக்டர் சொன்னதை அவரோடு சேர்த்து இரண்டே பேருக்குத்தான் தெரியும். சொன்னால் நாற்காலி போய்விடும் என்று பயந்து விழுங்கி வைத்திருந்தாள். வலியில் முகம் கோணுவதை அண்ணன் பார்த்திருப்பார், கூடப் பிறந்தவராயிற்றே என்று சமாதானம் செய்துகொண்டாள்.

"இவ பண்ணின தப்புக்கு எனக்குத் தண்டனையா?" என்றாள்.

"தண்டனை என்ன தண்டனை. இதைப் படி."

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய கடிதம். பயிற்சியிலிருந்த ஊழியரின் கவனக்குறைவால் நேர்ந்த பிழை, அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார், இனி இப்படி நேராது. கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம். ஒன்று மருமகளுக்கு, மற்றது மூத்த ஊழியருக்கு.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து ஆள் வருவாங்க. அதுக்குள்ள ரெண்டு பேரும் போட்டுடுங்க."

இந்தக் கடிதம் போனால் மருமகளுக்குப் பரீட்சை கிடையாது, வேறு எந்த லேபும் சேர்த்துக்கொள்ளாது. மெஷினக்காவுக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

"கடைக்குப் போயிட்டு வந்து போடறேன். நல்லா பெரிசாவே போடறேன்."

மத்தியானக் கூட்டம் ஓய்ந்து மூன்று மணிக்கு மேல்தான் கிளம்பினாள். கீபோர்டு கடை இரண்டு தெரு தள்ளி. கடைக்காரர் ஒல்லியான மனிதர். எதை எடுத்தாலும் தன் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வந்தவர் மாதிரி பெருமையோடு எடுத்து வைப்பார். கண்ணாடி மேஜை மேல் நான்கு கீபோர்டுகளை வரிசையாக வைத்தார்.

"இது ஃபுல் சைஸ், நூத்திநாலு கீ. நீங்க இப்ப வச்சிருக்கிறது இதுதான். இது நம்பர் பேடை மட்டும் எடுத்தது, எண்பத்தேழு. இது அதையும் நெருக்கி அடுக்கினது, எண்பத்துநாலு. இந்தப் பொடிசு இருக்கே, அறுபத்தொண்ணே அறுபத்தொண்ணு. இப்ப பசங்க எல்லாம் இதைத்தான் கேட்கறாங்க."

"இதுல அம்புக்குறியே காணோமே?"

"இந்த கீயை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு இதைத் தட்டினா அம்புக்குறி வேலை செய்யும்."

"ஒரு கையில ரத்த ட்யூபை வச்சுக்கிட்டு எதை அமுக்கிப் பிடிக்கறது, மூக்காலயா? நாங்க நாள் பூரா லிஸ்ட்டுல மேலயும் கீழயும் போறவங்க. எடுத்து உள்ள வைங்க."

பொடிசு உள்ளே போனது. எண்பத்துநாலை மெஷினக்கா தடவிப் பார்த்தாள். டெலிட் கீ ஓரத்தில் மற்ற கீகளோடு இடித்துக்கொண்டு நின்றது. கையுறை போட்ட விரல் ஒன்றைத் தொட்டால் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து அமுக்கும். ரிப்போர்ட் அழியும். அதுவும் வேண்டாம்.

எண்பத்தேழுக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கடைக்காரர் ஒரு மானிட்டரையும் மவுஸையும் இணைத்துக் கொடுத்தார். கீபோர்டு முடிந்த இடத்திலேயே மவுஸ் இருந்தது. ஐந்து விரற்கடைதான் நெருங்கி வந்திருக்கும். முழங்கை உடம்போடு ஒட்டிக்கொண்டது. தோள் தானாகக் கீழே இறங்கியது. மூன்று வாரமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த வலி கொஞ்சம் வாயை மூடியது.

அடப்பாவி, இதுதானா! பத்தொன்பது வருடமாக அந்த நம்பர் பேடைத் தாண்டித் தாண்டி மவுஸுக்குக் கையை நீட்டித்தான் தோள் போயிருக்கிறது. சோறு போட்ட அதே பதினேழு கீதான் கையையும் முடக்கியிருக்கிறது. மெஷினக்காவுக்கு யாரைத் திட்டுவதென்றே தெரியவில்லை.

"பேடு வேணும்னா தனியாவும் வருதும்மா," என்றார் கடைக்காரர். உள்ளங்கை அகலத்தில் ஒன்றை எடுத்து வைத்தார். "எந்தப் பக்கம் வேணும்னாலும் வச்சுக்கலாம். இடது பக்கம் வச்சு அடிக்கறவங்ககூட இருக்காங்க."

இடது பக்கம்! அவள் மனம் துள்ளிவிட்டது. ஏனென்றால் இன்னொரு ரகசியமும் இருந்தது. டாக்டர் சொன்ன மறுநாளிலிருந்து, விடியற்காலையில் மற்றவர்கள் எழுந்திருக்கும் முன்னால், ஒயர் அறுந்த பழைய கீபோர்டு ஒன்றை மாடியறையில் மடியில் வைத்துக்கொண்டு, நம்பர் பேடில் இடது கையால் அடித்துப் பழகிக்கொண்டிருந்தாள். பழைய சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து அடிப்பாள். பத்தே நாளில் வலது கையின் வேகத்தில் முக்கால்வாசி வந்துவிட்டது. டக டக டக என்று அதே தாளம். போன வாரம் வலி பொறுக்க முடியாத மூன்று சாயங்காலம், செவ்வாய், புதன், வியாழன், கடைசிச் சீட்டுகளை லேபிலேயே இடது கையால் அடித்துத் தள்ளினாள். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இந்தப் பேடை வாங்கி இடது பக்கம் வைத்துக்கொண்டால் என்ன? இயந்திரம் மக்கர் பண்ணுகிற நாளில் கையால் அடிக்க ஆள் வேண்டாமா? அண்ணனிடம் கேட்கலாம். நாற்காலி தங்கும்.

"எண் ஏதாவது சொல்லுங்க, அடிச்சுப் பார்க்கறேன்," என்றாள்.

கடைக்காரர் ஒரு பெட்டியைத் திருப்பி அதிலிருந்த எண்ணைப் படித்தார். "ஆறு, மூணு, எட்டு, அஞ்சு, ஏழு, ரெண்டு."

மெஷினக்கா அவர் வாயைப் பார்த்துக்கொண்டே அடித்தாள். ஸ்கிரீனைப் பார்க்கும் வழக்கம்தான் அவளுக்குக் கிடையாதே.

"அம்மா, தப்பா விழுந்திருக்கே."

"உங்க பேடு சரியில்லை."

"அதெப்படி?" அவர் குனிந்து அதே எண்ணை ஒற்றை விரலால் அடித்தார். சரியாக விழுந்தது. "நீங்க இன்னொரு தடவை அடிங்க பார்க்கலாம்."

அடித்தாள். இந்த முறை ஸ்கிரீனைப் பார்த்தாள். 418592.

கடைக்காரர் சிரித்தார். "நல்லா இருக்கே! எட்டு, அஞ்சு, ரெண்டு சரியா விழுது. ஆறு அடிச்சா நாலு, மூணு அடிச்சா ஒண்ணு, ஏழு அடிச்சா ஒன்பது. கண்ணாடியில பார்த்த மாதிரி அப்படியே பக்கம் மாறிடுது. இடது கை இல்லையா, விரல் வரிசை திரும்பிடுதும்மா."

மெஷினக்கா சிரிக்கவில்லை. அவளுடைய விரல்களுக்கு எண்கள் தெரியாது. ஆள்காட்டி விரல் என்றால் நாலு, நடுவிரல் என்றால் ஐந்து, மோதிர விரல் என்றால் ஆறு. அப்படித்தான் பழகியிருந்தாள். இடது கையை வைத்தால் மோதிர விரல் போய் நாலின் மேல் உட்காரும். ஸ்கிரீன் இல்லாத செத்த கீபோர்டில் பத்து நாள் பழகினாளே, தாளம் சரியாக இருந்தது. எண் சரியா என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை.

அறுபத்து மூன்று என்று நினைத்து அடித்தால் நாற்பத்தொன்று. புள்ளியை லேப் கம்ப்யூட்டரே போட்டுக்கொள்ளும்.

6.3. 4.1.

ஒரு வாரமாக மருமகளின் முகத்தில் வீசிக்கொண்டிருந்த எண்கள்.

இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. புதன்கிழமை சாயங்காலம் மருமகள் குழந்தைக்குப் பால் கொடுக்க மாடிக்குப் போனாள். அவள் மேஜையில் சீட்டு குவிந்திருந்தது. 'போ போ, நான் பார்த்துக்கறேன்' என்று மெஷினக்காதான் அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கம்ப்யூட்டர் மருமகள் பெயரில் திறந்திருந்தது. இருபது நிமிடம். கீபோர்டை நகர்த்திப் பேடை இடது கைக்கு நேராக வைத்துக்கொண்டதும் ஞாபகம் வந்தது. இரண்டு மூன்று முறை கம்ப்யூட்டர் கத்தியது. மனித ரத்தத்தில் இருக்கவே முடியாத எண் விழுந்தால் கத்தும். விரல் வழுக்கிவிட்டது என்று அதை மட்டும் திருத்தினாள். கத்தாததை அப்படியே விட்டு, யாரையும் படிக்கச் சொல்லாமல் தானே பிரிண்ட் எடுத்தாள். 4.1க்கு எந்தக் கம்ப்யூட்டரும் கத்தாது.

பயிற்சியில் இருக்கிற பெண் அடித்த ரிப்போர்ட் படித்துப் பார்க்காமல் எப்படி வெளியே போனது என்று யாருமே ஏன் கேட்கவில்லை? படித்துப் பார்க்காமல் போவது ஒரே ஒருத்தி அடித்ததுதானே. இந்தக் கேள்வி தனக்கே ஒரு வாரமாகத் தோன்றவில்லையே என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"பேடு பேக் பண்ணட்டுமாம்மா?"

"வேண்டாம். எண்பத்தேழு கீ, சத்தம் வராத ஸ்விட்ச், நாலு. லேபுக்கு அனுப்பிடுங்க." குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "பேடு வேண்டாம்."

திரும்பி வந்தபோது மணி நாலரை. காத்திருப்போர் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. மருமகளைப் பார்க்கத் தைரியம் வராமல் நேராகக் கண்ணாடி அறைக்குள் போனாள்.

"அண்ணா, அந்த ரிப்போர்ட்டை அடிச்சது நான்."

அண்ணன் நிமிர்ந்தார். அதிர்ச்சி அடைவார், நம்ப மாட்டார், அவளைக் காப்பாற்றவா பொய் சொல்கிறாய் என்று சத்தம் போடுவார் என்றெல்லாம் வழி நெடுக நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மெதுவா பேசு."

"நான்தான் அண்ணா. இடது கையால..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"மேலே கேமரான்னு ஒண்ணு இருக்கே, அலங்காரத்துக்கா மாட்டியிருக்கேன்? ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்த அன்னிக்கே போட்டுப் பார்த்தேன். நீ அவ நாற்காலியில உட்கார்ந்து இடது கையால தட்டறே. வலது கையை மடியில போட்டுக்கிட்டு."

மெஷினக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். தோள் அவருக்குத் தெரிந்தது அப்படித்தான்.

"தெரிஞ்சும் அவ பேரை எழுதினீங்களா? உங்க வீட்டு மருமக அண்ணா. உங்க பேரனைப் பெத்தவ."

"அவ பேரு போனா ஒரு ட்ரெய்னி போனா, அவ்வளவுதான். வீட்டுல இருந்து குழந்தையைப் பார்த்துக்கட்டும், என்ன குறைஞ்சு போச்சு? உன் பேரு போனா லேபே போச்சு. பத்தொன்பது வருஷம் உன் ரிப்போர்ட்டை ஒருத்தரும் படிச்சுப் பார்க்கலேன்னு வெளியில தெரிஞ்சா நாளைக்கு எவன் இங்க கையை நீட்டுவான்? யோசிச்சுப் பாரு. உன்னைக் காப்பாத்தத்தான் பண்ணினேன்."

"காப்பாத்தறவர் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! ஒரு வாரமா அந்தப் பொண்ணை எல்லார் முன்னாடியும் நாக்குல நரம்பில்லாம பேசிட்டேனே. நீங்க இந்தக் கண்ணாடி வழியா பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

அண்ணன் மறுபடியும் காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

"இன்னொண்ணு," என்றாள். "நான் அடிச்சது ஒரு நாள் இல்லை. செவ்வாய், புதன், வியாழன் மூணு சாயங்காலம். அந்தச் சீட்டையெல்லாம் எடுத்து ரிப்போர்ட்டோட வச்சுப் பார்க்கணும். இப்பவே."

அண்ணனின் முகம் அப்போதுதான் மாறியது. இது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. சீட்டுக் கட்டுகள் இருக்கும் அலமாரியின் சாவியை மேஜையிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஒண்ணும் பார்க்க வேண்டாம். ஏதாவது ஆகியிருந்தா இத்தனை நாள்ல வந்து நின்னிருப்பாங்க. மாடிக்குப் போ, படுத்துக்கோ."

'மாடிக்குப் போ.' பத்தொன்பது வருடமாக அவர் போ என்றால் போனாள், வா என்றால் வந்தாள். ஒதுங்க ஒரு அறை கொடுத்தவர் என்ற நன்றி. அந்த நன்றி இன்று அவள் வாயில் கசந்தது.

கதவு திறந்தது. மருமகள். கையில் பேனா.

"மாமா, அஞ்சாகப் போகுது. எங்க போடணும்?"

"கையெழுத்துப் போடாதே," என்றாள் மெஷினக்கா. "அதை அடிச்சது நான்."

"தெரியும் அத்தை."

இவளுக்குமா!

"பால் கொடுத்துட்டு இறங்கி வந்தப்ப நீங்க கீபோர்டைப் பழைய இடத்துக்குத் தள்ளிக்கிட்டிருந்தீங்க. மாமாகிட்ட சொன்னேன். வாயைத் திறக்காதேன்னார். உங்க மருமகன்கிட்ட, அதான் எங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொன்னேன். மெஷினக்கா தப்பு பண்ணுவாங்களான்னு சிரிச்சார். அதுக்கு மேல யார்கிட்ட போய்ச் சொல்றது?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடி."

"நீங்க என்னைப் பேச விட்டீங்களா?"

மெஷினக்கா அந்தக் கடிதத்தை எடுத்தாள். "இது போகாது. நான் வேற எழுதித் தரேன். நான்தான்னு எழுதித் தரேன், போதுமா?"

"போதாது." மருமகள் பேனாவை மூடினாள். "இந்த நாலு சுவத்துக்குள்ள நான்தான்னு சொல்றது சுலபம் அத்தை. காலைல என்னைச் சொன்னீங்களே, நர்ஸு சிரிக்க, வந்தவங்க எல்லாம் பார்க்க. அங்க சொல்லுங்க. அவங்க முன்னாடி சொல்லுங்க. முடியாதுன்னா விடுங்க, காகிதத்தைக் கொடுங்க, நான் கையெழுத்துப் போட்டுட்டு மாடிக்குப் போறேன்."

"பைத்தியமா உனக்கு? அங்க பேஷண்ட்டுங்க உட்கார்ந்திருக்காங்க," என்று மருமகளைப் பார்த்துக் கத்திக்கொண்டே எழுந்த அண்ணன் தங்கை பக்கம் திரும்பினார். "நீ உட்காரும்மா. உன்னைத்தான். அந்தக் கதவைத் திறக்காதே. அப்புறம் எனக்குத் தங்கச்சியே கிடையாது."

மெஷினக்கா கதவின் பிடியில் கையை வைத்தவள் நின்றுவிட்டாள். ஐம்பத்திரண்டு வயது. அந்த மாடியறையை விட்டால் போக இடமில்லை. இந்தக் கதவைத் திறந்தால் மிச்சமிருப்பது பெயர் கெட்ட ஒருத்தி மட்டும்தான். அவள் அதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. ஒரு முழு நிமிடம் நின்று யோசித்தாள்.

பிறகு திறந்தாள்.

கூடத்தில் பதினோரு பேர் இருந்தார்கள். நர்ஸ் ஒரு கிழவரின் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள். மெஷினக்கா நடுவில் போய் நின்றாள்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. காலைல இந்தப் பொண்ணை நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். தப்பான ரிப்போர்ட்டு கொடுத்து ஒருத்தரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டான்னு சொன்னேன். அது அவ இல்லை. அடிச்சது நான். எனக்கு வலது தோள் போயிடுச்சு. வேலை போயிடும்னு பயந்து அதை மறைச்சு, போன வாரம் மூணு நாள் சாயங்காலத்துல இடது கையால அடிச்சேன். சரியா பழகாத கை. எண்ணெல்லாம் பக்கம் மாறி விழுந்திருக்கு. இவ பேர்ல ஒரு குத்தமும் இல்லை."

நர்ஸ் பஞ்சை அழுத்தியபடி அப்படியே நின்றாள். பின்னால் கண்ணாடி அறையின் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. மருமகள் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். தொடவில்லை. ஆனால் வந்து நின்றாள்.

மெஷினக்காவின் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. அது முழுவதும் இறங்குவதற்குள், கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பஞ்சாலையில் வேலை செய்கிறவளாக இருக்க வேண்டும், தலைமுடியில் பஞ்சுத் துகள் ஒட்டியிருந்தது. கைப்பையைத் துழாவி நாலாக மடித்த ரிப்போர்ட் ஒன்றை எடுத்தாள். இந்த லேபின் காகிதம்தான். பிரித்து, தேதியைப் பார்த்து, மெஷினக்காவின் முன்னால் நீட்டினாள்.

"இது என் வீட்டுக்காரரோடது. போன வியாழக்கிழமை சாயங்காலம் கொடுத்தீங்க. எல்லாம் சரியா இருக்குன்னு டாக்டர் மாத்திரையை நிறுத்திட்டார். நேத்திலேர்ந்து எழுந்திருக்கவே மாட்டேங்கறார். இதை எந்தக் கையால அடிச்சீங்கம்மா?"